காசு கட்டுவதற்கு முன்னால் எதுவரை பார்க்க விடுகிறார்கள்?

ஆன்லைன் படிப்புக்குப் பணம் கட்டும் முன் அதை இலவசமாகக் கொஞ்சம் பார்த்துவிடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் இலவசம் என்று ஒவ்வொரு தளமும் காட்டுவது ஒன்றல்ல. ஓரிடத்தில் வீடியோ மட்டும் கிடைக்கும். இன்னோரிடத்தில் வீடியோ, வீட்டுப்பாடம், அதற்கு மார்க் எல்லாமே கிடைக்கும், கடைசிப் பரீட்சைக்கு மட்டும் காசு. வேறோரிடத்தில் முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டு, பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தருகிறேன் என்பார்கள். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் நாலு வீடியோ பார்த்துவிட்டு, ‘வாத்தியார் நல்லா நடத்துறாரு’ என்று பணம் கட்டுகிறவர்கள், பணம் எதற்காகப் போகிறதோ அந்தப் பகுதியைப் பார்க்காமலேயே கட்டுகிறார்கள்.

பேச்சுக்கு ஓர் ஆள் வேண்டும் என்பதால் என் அக்கா மகளையே எடுத்துக்கொள்கிறேன். பி.காம். முடித்தவள். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கிறாள். டேலி அத்துப்படி, எக்செல் ஓரளவு வரும். டேட்டா அனலிட்டிக்ஸ், அதாவது தரவை அலசி முடிவு சொல்வதைக் கற்றுக்கொண்டு வேறு வேலைக்குப் போக வேண்டும் என்பது ஆசை. இரவு எட்டரைக்குக் கடை விட்டு, வில்லாபுரம் வந்து சாப்பிட்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. ஞாயிறு மட்டும் அவளுடையது. பயிற்சி நிலையம் ஒன்றில் 45,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள், தவணையில் கட்டலாமாம். அவள் முன்னால் இருக்கும் மற்ற வழிகள் கோர்செரா, எட்எக்ஸ், என்பிடெல், யுடெமி என்ற ஆன்லைன் தளங்கள், அப்புறம் முழுக்கவே காசில்லாத சில இடங்கள்.

என்பிடெல்லில் இருந்து தொடங்குகிறேன். மதுரைக்காரர்களுக்கு இதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கல்லூரியில் கட்டாயப்படுத்திச் சேர வைத்ததாலோ என்னவோ, நம் பிள்ளைகள் பலருக்கு இதன் மேல் ஒரு சலிப்பு இருக்கிறது.

ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது இது. சான்றிதழ் தரும் ஆன்லைன் படிப்புகள் 2014-ல் வந்தன. இப்போது மத்திய அரசின் ஸ்வயம் தளத்தின் வழியாக நடக்கிறது. பாடங்கள் 4, 8, 12 வாரங்கள் என்று இருக்கும். ஜனவரியில் ஒரு சுற்று, ஜூலையில் ஒரு சுற்று. சேர்வதற்குக் கட்டணம் கிடையாது. வாரா வாரம் வீடியோ, வாரா வாரம் அசைன்மென்ட். அந்த அசைன்மென்டுக்கு மார்க்கும் இலவசமாகவே வரும். பரீட்சை எழுத விரும்பினால் மட்டும் ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய். எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சான்று காட்டினால் அதில் பாதி.

இதில் முக்கியமானது காசு கட்டும் நேரம். பரீட்சைக்குப் பதிவு செய்யும் கடைசித் தேதி, வகுப்பு தொடங்கிச் சில வாரங்கள் கழித்துத்தான் வரும். அதற்குள் முதல் ஒன்றிரண்டு அசைன்மென்டின் மார்க் கையில் இருக்கலாம். பாடம் மண்டையில் ஏறுகிறதா, வாரம் தவறாமல் உட்கார முடிகிறதா என்பதெல்லாம் தெரிந்த பிறகே ஆயிரம் ரூபாயைப் பற்றி யோசித்தால் போதும். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் பூட்டி வைத்திருக்கும் பகுதியை இங்கே திறந்து வைத்திருக்கிறார்கள்.

மார்க் கணக்கும் நேர்மையானது. மொத்தம் நூறில் அசைன்மென்டுக்கு 25, பரீட்சைக்கு 75. பன்னிரண்டு வாரப் பாடத்தில் பன்னிரண்டு அசைன்மென்டில் நன்றாகச் செய்த எட்டை எடுத்துக்கொள்வார்கள். பண்டிகை வாரமோ வேலை மிகுந்த வாரமோ கையை விட்டுப் போனாலும் பாதகமில்லை. அசைன்மென்டில் 25-க்கு 10, பரீட்சையில் 75-க்கு 30 என்று இரண்டையும் தனித்தனியாகத் தொட்டால்தான் சான்றிதழ். பரீட்சையை மையத்துக்கு நேரில் போய்க் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். அதனால்தான் இந்தச் சான்றிதழுக்கு ஒரு மதிப்பு. வீட்டில் உட்கார்ந்து பிரௌசரில் இன்னொரு பக்கம் திறந்து விடை தேடி எழுதியது இல்லை என்பது வேலை கொடுப்பவருக்கும் தெரியும்.

குறையும் உண்டு. சில பாடங்களின் வீடியோ பழையது. பேராசிரியர் கரும்பலகை வகுப்பு நடத்துவது போலவே நடத்துவார். தரவை வரைபடமாகக் காட்டும் பவர் பிஐ மாதிரி, நாளொரு திரை மாறும் மென்பொருளைக் கற்க இது இடமில்லை. அடிப்படைக்குத்தான் இது. என் அக்கா மகளுக்கு ஐஐடி மெட்ராஸின் ‘பைத்தான் ஃபார் டேட்டா சயன்ஸ்’ (பைத்தான் ஒரு நிரல்மொழி) நான்கு வாரப் பாடம் சரியாக இருக்கும். நிரலே எழுதிப் பழகாதவர்கள் ஐஐடி ரோப்பரின் ‘ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங்’கைப் பார்க்கலாம். 12 வாரம் ஓடும், பதற்றமில்லாமல் நடத்துவார்கள். பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்கள் சேருமுன் அதை ஒரு தடவை தேடிப் பார்க்கட்டும்.

கல்லூரியில் படிக்கிற பிள்ளை என்றால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2021 விதிப்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து பட்டப்படிப்புக் கணக்கில் சேரும் கிரெடிட்டாக மாற்றிக்கொள்ளக் கல்லூரிகள் அனுமதிக்கலாம். அனுமதிக்கலாம் என்பதுதான் விதி, உங்கள் கல்லூரி எந்தப் பாடத்தை ஏற்கிறது என்பது வேறு. சேர்ந்த பிறகு துறைத் தலைவர் முன் நிற்காமல், சேரும் முன்னே கேளுங்கள். அதோடு, தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் தளத்தில் உங்களுக்கு ஏற்கெனவே ஏதாவது படிப்பு இலவசமாக ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அங்கே சும்மா கிடைப்பதற்கு வெளியே காசு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கோர்செராவும் எட்எக்ஸும்

இரண்டும் 2012-ல் பிறந்தவை. கோர்செராவைத் தொடங்கியவர்கள் ஸ்டான்ஃபோர்டின் ஆண்ட்ரூ இங், டாஃப்னி கோலர். எட்எக்ஸ் எம்ஐடியும் ஹார்வர்டும் சேர்ந்து தொடங்கியது. 2021-ல் அதை டூயூ என்ற நிறுவனம் 80 கோடி டாலருக்கு வாங்கியது. ‘ஆடிட்’ என்ற பழக்கத்தை ஆன்லைனில் பரப்பியவர்கள் இவர்கள்தான். வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொள், பரீட்சையும் சான்றிதழும் கேட்காதே என்பது அதன் ஏற்பாடு.

கோர்செராவில் இந்தச் சலுகை சுருங்கிக்கொண்டே வருகிறது. முன்பெல்லாம் ஒரு பாடத்தில் சேரும் பொத்தானை அழுத்தினால் கீழே சின்ன எழுத்தில் ஆடிட் என்று இருக்கும், அதைத் தொட்டால் எல்லா வீடியோவும் திறக்கும். இப்போது பல பாடங்களில் அது போய், முதல் மாட்யூலை, அதாவது முதல் பாடப் பகுதியை மட்டும் பார்க்க விடும் ‘பிரிவியூ’ வந்திருக்கிறது. பாடத்துக்குப் பாடம் மாறுகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: பல பாடங்களைக் கட்டாகக் கட்டி விற்கும் தொகுப்பின் பக்கத்தில் இருந்துகொண்டு இலவச வழியைத் தேடாதீர்கள். தொகுப்புக்குள் இருக்கும் தனிப் பாடத்தைத் தனியாகத் திறந்து பாருங்கள். இருந்தால் அங்கேதான் இருக்கும்.

முதல் மாட்யூலை வைத்து ஒரு படிப்பை எடை போடுவது கஷ்டம். எந்தப் படிப்பிலும் முதல் வாரம் இனிப்பாகத்தான் இருக்கும். தரவு என்றால் என்ன, அது உலகத்தை எப்படி மாற்றுகிறது என்று பின்னணி இசையோடு பேசுவார்கள். மூன்றாவது நான்காவது வாரத்தில் இரண்டு அட்டவணைகளை இணைக்கச் சொல்லும்போதுதான் ஆசிரியரின் சாமர்த்தியமும் நம் பொறுமையும் தெரியவரும்.

அதனால் கோர்செராவில் உண்மையான சோதனை அந்த ஏழு நாள் இலவசக் காலம்தான். அதில் மார்க் போடும் அசைன்மென்டும் திறக்கும். ஆனால் கார்டோ வேறு பணவழியோ கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள், ஏழு நாள் முடிந்ததும் சந்தா தானாக ஓடத் தொடங்கும். தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்னதாக வங்கி தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தி லோன் விளம்பரங்களுக்கு நடுவே புதைந்துவிடும். சேர்ந்த அன்றைக்கே போனில் ஆறாம் நாளுக்கு ஒரு அலாரம் வைத்துவிடுங்கள். வேலை குறைவாக இருக்கும் வாரமாகப் பார்த்து அந்த ஏழு நாளைத் தொடங்குவதும் முக்கியம். ஜவுளிக் கடையில் இருப்பவள் ஆடி மாதத்திலோ தீபாவளிக்கு முந்திய மாதத்திலோ தொடங்கினால், ஏழு நாளும் கடையிலேயே போய்விடும்.

பணம் கட்டித் தொடர்வது என்று முடிவானால், கோர்செராவின் தொகுப்புகள் பெரும்பாலும் மாதச் சந்தா. வேகமாக முடிப்பவருக்கு மலிவு, மெதுவாகப் போகிறவருக்கு விலை ஏறிக்கொண்டே போகும். கூகுளின் டேட்டா அனலிட்டிக்ஸ் தொகுப்பை வாரம் பத்து மணி நேரம் படித்தால் சுமார் ஆறு மாதம் என்று சொல்கிறார்கள். வாரத்தில் ஐந்தாறு மணி நேரமே தேறும் ஆளுக்கு அது ஒரு வருடத்தை நெருங்கும், சந்தாவும் இரட்டிப்பாகும். விளம்பரத்தில் போட்டிருக்கும் மொத்தச் செலவு நம் வீட்டு நேரத்துக்கு ஒத்துவராது. நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் வழியும் இருக்கிறது. எதற்காகப் படிக்கிறீர்கள் என்று எழுதித் தர வேண்டும், பதில் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகலாம். அவசரமில்லாதவர்கள் கட்டாயம் கேட்டுப் பார்க்கலாம்.

எட்எக்ஸில் இலவச வழி இன்னும் தாராளம். பாடத்தின் பெரும்பகுதியைப் பார்க்கலாம். ஆனால் காலக்கெடு உண்டு. பாடத்துக்கென்று குறித்த சில வாரங்கள் முடிந்ததும் கதவு சாத்திவிடும், மார்க் போடும் பகுதியும் பெரும்பாலும் பூட்டியே இருக்கும். சான்றிதழுக்கு ஒரே தடவை பணம், பொதுவாக 50 டாலரில் இருந்து 300 டாலர் வரை. குறைந்தபட்சமே நாலாயிரம் ரூபாயைத் தாண்டும். மாதா மாதம் ஓடாது என்பதால், மெதுவாகப் படிக்கிறவர்களுக்கு இந்த முறை நிம்மதி.

எட்எக்ஸில் இருப்பது வேறு இடத்தில் சும்மாவே கிடைக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற கம்ப்யூட்டர் பாட வரிசைக்கு எட்எக்ஸ் வழியாகச் சரிபார்த்த சான்றிதழ் வேண்டுமானால் காசு. அதே பாடத்தை ஹார்வர்டின் சொந்தத் தளத்தில் படித்தால் கணக்குகளைத் தானியங்கி முறையில் திருத்திக் கொடுப்பதும் இலவசம், ஒழுங்காக முடித்தவர்களுக்கு அவர்கள் தரும் சான்றிதழும் இலவசம். அந்த வரிசையில், தரவு அட்டவணைகளில் இருந்து வேண்டியதை எடுக்க உதவும் எஸ்கியூஎல் மொழிக்கு என்றே தனிப் பாடம் இருக்கிறது. கணக்குப் பின்னணி உள்ளவர்களுக்கு எஸ்கியூஎல் சட்டென்று பிடிபடும். லெட்ஜரும் வவுச்சரும் பார்த்த கண்ணுக்கு அட்டவணை புதிதல்ல. டேட்டா பயிற்சிக்கான காகிள் தளத்தின் குட்டிப் பாடங்களும் இப்படித்தான், பைத்தான், அதன் துணைக்கருவி பாண்டாஸ், எஸ்கியூஎல் ஒவ்வொன்றும் சில மணி நேரத்தில் முடியும், சான்றிதழும் காசில்லாமல் வரும். அந்தச் சான்றிதழைப் பார்த்து யாரும் வேலை தர மாட்டார்கள், அது வேறு. ஆனால் உங்களுக்கு இந்த வேலை பிடிக்குமா என்று இரண்டு ஞாயிறுகளில் தெரிந்துவிடும்.

யுடெமியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூவாயிரத்துச் சொச்சம் என்று போட்டு அடித்துவிட்டு, ஐந்நூறு ரூபாய் பக்கம் விற்பார்கள். இன்றைக்கு மட்டும் என்று கடிகாரம் ஓடும், அடுத்த வாரமும் அதே விலை வரும். ஒவ்வொரு பாடத்திலும் சில வீடியோவை முன்னோட்டமாகத் திறந்து வைத்திருப்பார்கள். வாங்கிய 30 நாளுக்குள் திருப்பிக் கேட்டால் பணம் வரும், பெரும்பகுதியைப் பார்த்து முடித்துவிட்டுக் கேட்டால் மறுக்கலாம். பவர் பிஐ, எக்செல் மாதிரி ஒரு குறிப்பிட்ட கருவியைக் கற்க இது போதும், தமிழில் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பக்கத்திலேயே இருக்கும். இரண்டு வருடத்துக்கு முந்தியது என்றால் விட்டுவிடுங்கள்.

பயிற்சி நிலையம்

இனி அந்த 45,000 ரூபாய். பெரியார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் அண்ணா நகரிலும் பைபாஸ் ரோட்டிலும் பலகைகளுக்குக் குறைவில்லை. இவர்களும் இலவசமாக ஒரு டெமோ கிளாஸ் தருகிறார்கள். சொல்லப்போனால் இங்கேதான் பார்ப்பதற்கும் வாங்குவதற்கும் இடைவெளி அதிகம். டெமோவை நடத்துவது அந்த நிறுவனத்தின் மிகச் சிறந்த பேச்சாளர். அடுத்த மாதம் உங்கள் பேட்சுக்கு வருகிறவர் போன வருடம் அங்கேயே படித்து முடித்த தம்பியாக இருக்கலாம். மட்டுத்தாவணிப் பழ மார்க்கெட்டில் மேல் அடுக்கு ஆப்பிளை வெட்டிக் கொடுத்துவிட்டு அடி அடுக்கில் இருந்து எடை போடுவது மாதிரிதான்.

அதனால் டெமோ வேண்டாம், நடந்துகொண்டிருக்கும் ஒரு பேட்சின் பாதிவழி வகுப்பில் உட்கார விடுங்கள் என்று கேளுங்கள். ‘ஒரு நாள், பின்னாடி ஓரமா உக்காந்துக்கிறேன் சார்’ என்றால் போதும். நல்ல நிலையம் சம்மதிக்கும். மறுத்தால் அதுவே பதில். வகுப்பு முடிந்ததும் வெளியே டீக்கடையில் அந்தப் பிள்ளைகளிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: கொடுத்த வேலையைத் திருத்திக் கொடுக்கிறார்களா? ஆரம்பத்தில் இருந்த எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள்? வேலைவாய்ப்பு உத்தரவாதம் என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். ‘பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்’ என்று ரசீதில் எழுதுவது உத்தரவாதம் ஆகாது.

தவணை என்று சொன்னால் கடன் கொடுப்பவர் யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் நிலையம் நேரடியாகத் தவணை வாங்காது. ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் போட்டு மொத்தப் பணத்தையும் நிலையத்துக்குக் கொடுத்துவிடும். நீங்கள் வகுப்பை விட்டு நின்றாலும் கடன் நிற்காது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் திருமங்கலத்தில் இருந்து தினமும் வந்து போனவன், ஆசிரியர் மாறியதும் நின்றுவிட்டான். மாதா மாதம் அப்பாவின் கணக்கில் இருந்து பணம் போய்க்கொண்டே இருந்தது. டிஜிட்டல் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, ஆரம்பத்தில் ஒரு குறுகிய காலத்துக்குள் அசலையும் அதுவரைக்குமான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாமல் வெளியேறலாம். எத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். ஆனால் அசல் நிலையத்திடம் அல்லவா இருக்கிறது? அவர்கள் திருப்பித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்காமல் எங்கேயும் ஓடிபி சொல்லாதீர்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டதால் பயிற்சி நிலையமே வீண் என்று அர்த்தமில்லை. வீட்டில் தனி அறை இல்லாதவர்கள், லேப்டாப் இல்லாதவர்கள், யாராவது நேரத்துக்கு வரச் சொன்னால்தான் படிப்பவர்கள் என்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் காசு கொடுப்பது பாடத்துக்கு அல்ல, அந்த நாற்காலிக்கும் மணியடிக்கும் ஒழுங்குக்கும். அதுதான் தேவை என்றால் தயங்காமல் கொடுக்கலாம். இடம் மட்டும்தான் பிரச்சினை என்றால், புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு ஞாயிறு போய்ப் பாருங்கள். உட்கார்ந்து படிக்க அவ்வளவு நல்ல இடம் மதுரையில் இதற்கு முன் இருந்ததில்லை.

இலவசக் காலத்தில் என்ன செய்வது

எந்த வழியாக இருந்தாலும் முதல் வீடியோவில் தொடங்க வேண்டாம். பாதியில் இருந்து ஒன்றைப் பாருங்கள். புரியவில்லை என்றால் கவலையில்லை, ஆசிரியர் ஒரு சிக்கலை எப்படிப் பிரித்துக் காட்டுகிறார் என்பதுதான் பார்க்க வேண்டியது. திரையில் எல்லாம் பிழையில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தால் சந்தேகப்படுங்கள். பிழை வந்து, அதை ஏன் என்று விளக்கித் திருத்துகிறவர்தான் தேவை.

அப்புறம், பாடத்தில் கற்ற ஒன்றை உங்கள் வேலையின் கணக்கில் போட்டுப் பாருங்கள். அக்கா மகளுக்கு நான் சொன்னது இதுதான்: கடையின் மூன்று மாதப் பில் பட்டியலை எடு. பார்ட்டிகளின் பெயருக்குப் பதில் எண் போட்டுவிடு, ஊர் மட்டும் இருக்கட்டும். தேனிப் பக்கம், சிவகங்கைப் பக்கம், ராமநாதபுரம் பக்கம் என்று பிரித்து, எந்த ஊர்ப் பாக்கி அறுபது நாளைத் தாண்டுகிறது என்று எடுத்துக் காட்டு. இதை எக்செல்லில் ஒரு தடவை, எஸ்கியூஎல்லில் ஒரு தடவை செய். எந்தப் பாடத்தைப் பார்த்த பிறகு இது கைகூடுகிறதோ அந்தப் பாடத்துக்குக் காசு கொடுக்கலாம். முதலாளியிடம் கேட்டுவிட்டுச் செய், கடைக் கணக்கை எந்தத் தளத்திலும் ஏற்றிவிடாதே என்றும் சொன்னேன். நேர்முகத் தேர்வில் பேசுவதற்கு எந்தச் சான்றிதழையும் விட இந்த ஒரு வேலை உதவும்.

அவளுக்கு என்று கேட்டால் என் வரிசை இது. முதலில் காகிளின் எஸ்கியூஎல், இரண்டு வாரம். பிடித்திருந்தால் ஹார்வர்டின் எஸ்கியூஎல் பாடம், அவசரமில்லாமல். இதுவரை ஒரு ரூபாய் செலவில்லை. அதோடு யுடெமியில் தமிழில் ஒரு பவர் பிஐ பாடம், ஐந்நூறு ரூபாய். அடுத்த சுற்று என்பிடெல்லில் நான்கு வாரப் பைத்தானில் சேர்ந்து, முதல் அசைன்மென்டில் பாதிக்கு மேல் மார்க் வந்தால் 1000 ரூபாய் கட்டிப் பரீட்சை எழுதட்டும். வேலை தேடும் நேரத்தில் கூகுளின் பெயர் போட்ட சான்றிதழ் வேண்டும் என்று தோன்றினால், அப்போது கோர்செராவின் ஏழு நாளைத் தொடங்கலாம். பாடம் ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பதால் சந்தா மாதங்கள் குறையும். இன்ஜினீயரிங் இறுதியாண்டுப் பிள்ளையாக இருந்தால் வரிசையைத் திருப்பி, கிரெடிட்டுக்காக என்பிடெல்லை முதலில் வைத்திருப்பேன். தனியாக உட்கார்ந்தால் தூங்கிவிடுகிற ஆளாக இருந்தால், காகிளின் ஒரு பாடத்தையாவது முடித்துவிட்டுப் பயிற்சி நிலையத்தின் படியேறச் சொல்வேன். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

என்பிடெல் பரீட்சைப் படிவத்தில் பெயரை அடையாள அட்டையில் இருப்பது போலவே, இனிஷியல் உட்பட, எழுத வேண்டும். சான்றிதழில் அப்படியேதான் அச்சாகும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி என்று இருப்பவர்கள் பதிவு தொடங்கும் முன்பே அதைச் சரிசெய்துகொள்ளட்டும், கடைசித் தேதி நெருங்கும்போது நேரம் இருக்காது.